சீருக்குப் போற சீமை வண்டி

கதவத் தொறக்காதீங்க சம்மந்தி. கையையும் உள்ள இழுத்துக்கோங்க. பொட்டாட்ட உக்காருங்க. ஆமாங்க, ஆனைதான். நானும் மொதல்ல பாறைன்னுதான் நெனச்சேன். பாறைக்கு எங்கீங்க காது ஆடும்? ரோட்டுக்கு நடுவுலயே நிக்குது பாருங்க, கட்டி வெச்சாப்பல. அதுகூடப் பரவாயில்லீங்க, அந்த மூங்கப் பொதருக்கு அக்கட்ட, பள்ளத்துல பாருங்க. தெரியுதுங்களா? குட்டி. குட்டியக் கூட்டிட்டு வந்த ஆனைங்கறதுதான் கொஞ்சம் வெசனமா இருக்குது.

கண்ணாடியா? ஏத்தலாமுங்க. ஏறாதுங்க. காரமடையில கெளம்பறப்பவே சொல்லோணும்னு இருந்தேன். நீங்க காத்து அருமையா வருதுன்னு சொன்னீங்களா, செரி, ஒறம்பரை வந்த மனுசன் சந்தோசமா இருக்கறாரு, எதுக்குக் கெடுக்கறதுன்னு உட்டுப்போட்டேன். உங்க பக்கத்துக் கண்ணாடி எறங்குனா எறங்குனதுதான். பொறகால கண்ணாடியும் அப்பிடித்தான். சுச்சை அமுக்காதீங்க, அமுக்குனா கறக் கறக்குனு சத்தம் மட்டும் வரும், அதுக்குக் கேக்கும். உள்ள சின்னதா ஒரு மோட்டாருங்க, உங்க கட்டை வெரல் தண்டி. பம்பாயில இருந்து வரோணும். ஒண்ணு எட்டாயிரமாம். அந்தக் காசுக்கு எங்க கெணத்துக்கே ஒரு மோட்டாரு மாட்டிப்போடலாம்.

ஸ்டார்ட் பண்ணிப் பின்னால போயிரலாம்ங்கறீங்க. போலாமுங்க. எதுக்கு இங்க நிறுத்துனோம்னு மறந்துபோட்டீங்களா? சூடு காட்டற முள்ளு செவப்புக்குப் போயிருச்சு, சூடு ஆறட்டும்னுதான நிறுத்துனோம். இந்தச் சூட்டுல சாவியத் திருப்புனா நாலஞ்சு தடவை கத்திப்போட்டுத்தான் இஞ்சின் புடிக்கும். அதுவரைக்கும் அந்த அம்மணி பொறுத்துக்குவாளான்னு எனக்குத் தெரியாதுங்க. இன்னொண்ணு, ஸ்டேரிங்கை எடது பக்கமா ஒடிச்சா ஆரன் தானா அடிக்கும். உள்ளார ஏதோ ஒயரு தோலு உரிஞ்சு கெடக்குது. எங்க தெருவுல நான் எடது பக்கம் திரும்பறப்பெல்லாம் சனம் எட்டிப் பாக்கும், அங்கப்பன் வந்துட்டான்னு. இங்க அது வேண்டாமுங்க.

சித்த இப்பிடியே இருப்போம். அதுக்கே சலிச்சுப்போனா போயிரும். மெல்லப் பேசிட்டிருக்கலாம், ஒண்ணும் பண்ணாது. பேசாம இருந்தாத்தான் நமக்குப் பயம் ஏறும். நானெல்லாம் எளந்தாரியா இருந்தப்ப இந்தப் பில்லூர்க் காட்டுல ஒரு கொம்பன்கிட்டப் பீடிக்கு நெருப்பு வாங்குனவனுங்க. அப்பிடிப் பாக்காதீங்க. செரி, பொய்தான். நெருப்பு நான்தான் குடுத்தேன்.

சிரிக்க மாட்டீங்கறீங்க. என்ன நெனைக்கறீங்கன்னு தெரியுதுங்க. நாளைக்கு வெடிஞ்சா வெத்தலை பாக்கு மாத்தோணும். உங்க தம்பி பையன் மதன்குமாருக்கு எம்பேத்தி லோகப்பிரியாவ உறுதி பண்ணோணும். சீரோட சீரா இந்த வண்டியும் வருதுன்னு எம்பையன் பாலுசாமி சொன்னான். நீங்க பையனுக்குப் பெரியப்பன், மூத்தவரு, ஒரு நாளைக்கு முந்தியே போயி வண்டிய ஒருக்காப் பாத்துப்போடலாம்னு காங்கேயத்துல இருந்து வந்தீங்க. பாலுசாமி என்ன சொன்னான்? அப்பா, கந்தப்பண்ணனை வெள்ளியங்காடு வரைக்கும் கூட்டிட்டுப் போயி வண்டிய ஓட்டிக் காமிச்சுட்டு வாங்கன்னான். நான் வெள்ளியங்காட்டையும் தாண்டி, கொண்டாந்து ஆனைக்கு முன்னால நிறுத்தியிருக்கறேன். கெழவனுக்குப் புத்தி பெசகிப்போச்சுன்னு நெனைக்கறீங்க.

அசையாதீங்க. மண்ணை அள்ளி மேல போட்டுக்குது, அவ்வளவுதான். பொழுது சாயற வெய்யிலுகூட அதுக்கு ஆகாது.

வந்ததுக்கு வண்டிய முழுசாத் தெரிஞ்சுக்குங்க. இது சும்மா வண்டி இல்லீங்க. டெல்லியில ஏதோ வெளிநாட்டுத் தூதரு வெச்சிருந்ததாம். ஏலத்துல எடுத்து வால்பாறையில ஒரு எஸ்டேட்டு மொதலாளி வெச்சிருந்தாரு. மலிவாக் கெடச்சுதுன்னு பாலுசாமி அவருகிட்ட வாங்குனான். எட்டு சிலிண்டரு. லிட்டருக்கு நாலு மைலுங்க. நாலு மைலுன்னு வித்தவன் சொன்னான், நான் பாத்த வரைக்கும் நாலு கிலோமீட்டரு, அதுவும் எறக்கத்துல. வால்பாறையில பெட்ரோல் பங்கு வெச்சிருந்தவரு இந்த வண்டி வந்தப்பறம் ஊட்டுக்கு மாடி கட்டுனாராம். வண்டிய வித்தப்பறம் மாடிய வாடகைக்கு உட்டுட்டாராம்.

பரவாயில்லைங்கறீங்க. உங்க எண்ணெய் மில்லு லாரியே அப்பிடித்தான் குடிக்குதுங்கறீங்க. செரி.

காத்துப் பை தெரியுங்களா உங்களுக்கு? மத்த வண்டிக்கெல்லாம் நாலு மூலையிலயும் ஸ்பிரிங்கு இருக்கும். இதுக்கு ஸ்பிரிங்கு இல்லீங்க, ரப்பரு பை. அதுக்குள்ள காத்த அடைச்சு வெச்சு அதுமேல வண்டி நிக்குது. கேக்கறப்ப சொகமா இருக்குதுங்களா? ஓட்டறப்பவும் சொகம்தான், பல்லக்காட்டப் போகும். ஆனா பையில எங்கியோ ஊசிக் கண்ணாட்ட ஓட்டை. பொழுதோட நிறுத்துனா வெடியறதுக்குள்ள வண்டி தரையோட தரையாப் படுத்துக்கும். காத்தால இஞ்சினைப் போட்டா, எருமை எந்திரிக்கற மாதிரி மொதல்ல பின்பக்கம், அப்பறம் முன்பக்கம்னு எந்திரிக்கும். எங்கூட்டு நாயி அடியில படுத்திருந்துச்சு ஒரு நாளு. வண்டி பைய எறங்கி அது முதுகு மேல ஒக்காந்துக்கிச்சு. காத்தால வண்டி எந்திரிச்சாத்தான் நாயும் எந்திரிச்சுது. அன்னைக்கிருந்து அது தட்டையாத்தான் நடக்குது.

ஒரு பை பதினஞ்சாயிரம் சொல்றான் சம்மந்தி. நாலு பை. அதுக்குக் காத்து அடிக்கற கம்ப்ரசரு தனி. அது இருவத்தி ரெண்டு. துபாயில இருந்து ஆராச்சும் பெட்டியில வெச்சுக் கொண்டாந்தாத்தான் உண்டு. கொச்சியில ஒருத்தரு இருக்கறாரு, அவரு சொல்றது வெலை, குடுக்கறது சாமான் இல்லை, நாளு.

அதையும் செரி பண்ணிக்கலாமா? கோயமுத்தூர்ல செய்யாத சாமானா? அதையேதானுங்க வின்ஸ்டனும் சொன்னான். ஒண்டிப்புதூர்ல பட்டறை வெச்சிருக்கறான், மெக்கானிக்கு. வண்டியக் கொண்டுபோயி உட்டதும் சுத்திச் சுத்தி வந்தான், பொண்ணு பாக்க வந்தவனாட்ட. அங்கப்பய்யா, எங்கையில உட்டுட்டீங்கல்ல, இனி இந்த வண்டி என்னுதுன்னான். சொன்னபடியே வண்டி அவன்கிட்டயேதான் இருந்துச்சு, ஒன்ரை வருசம். நாங்க திருவிழாவுக்குத் தேரப் பாக்கற மாதிரி ஒரு தடவை போயிப் பாத்துட்டு வருவோம்.

இருங்க இருங்க... குட்டி ரோட்டுக்கு ஏறுது. மூச்சக் கட்டுங்க.

ம். ஏறலை. சறுக்கிருச்சு. தாயி தும்பிக்கைய நீட்டி முதுகுல தட்டுது பாருங்க.

எங்க உட்டேன்? வின்ஸ்டன். தண்ணியச் சுத்தி அனுப்பற பம்பு போயிருச்சு இதுல. அது ஓடலைன்னா இஞ்சின் கொதிக்கும். சாமான் வரலை. இவன் என்ன பண்ணுனான், பாலுசாமி பவுண்டரியிலயே அச்சு எடுத்து வார்த்து, லேத்துல கடைஞ்சு மாட்டிப்போட்டான். எம்பையன் கெணத்து மோட்டாருக்கு உருப்படி வார்க்கறவனுங்களே, அந்தக் கை. மாட்டுனது அருமையா ஓடுச்சு. ஒரே கோளாறு என்னன்னா, மூணு பேஸ் கரண்டு இருக்கறப்ப மட்டும்தான் வண்டி ஓடுச்சு. கரண்டு போச்சுன்னா நடுரோட்டுல நின்னுக்கும்.

செரி, அது பொய்ங்க. கொதிச்சது நெசம். ஒருக்கா அன்னூர்க்கிட்டக் கொதிச்சு, இஞ்சின் மேல மூடியாட்ட இருக்கற அலுமினிய ஹெட்டு வளைஞ்சுபோச்சு. அதை நேராக்கி கேஸ்கெட்டு மாத்தறதுக்கு அறுவதாயிரம். அறுவதாயிரங்க! மன்னிச்சுக்குங்க, சத்தம் போட்டுட்டேன். பாக்குதா? பாக்கலை. அவ்வளவு குடுத்தும் இப்ப முள்ளு எங்க நிக்குதுன்னு நீங்களே பாக்கறீங்க. மேடு ஏறுனா கொதிக்குது. கொதிக்காம இருக்கோணும்னா எறக்கத்துலயே ஓட்டோணும். காங்கேயத்துல எறக்கம் எங்கீங்க இருக்குது?

புது ரேடியேட்டரு போட்டுக்கலாம். ம். நான் எதைச் சொன்னாலும் செரி பண்ணிக்கலாம், பரவாயில்லைன்னே சொல்றீங்களே. எண்ணெய் மில்லு வெச்சிருக்கறீங்க, தெனமும் ஒரு மெசினு நிக்கும், ரிப்பேரு உங்களுக்குப் பழக்கம்தான். இருந்தாலும் ஒரு மனுசன் இத்தனையக் கேட்டா மொகத்தையாச்சும் கொஞ்சம் சுளிக்கோணுமுங்க. பூட்டு தானாப் பூட்டிக்கும். ஏசியப் போட்டா காலுகிட்டத் தண்ணி சொட்டும். எண்ணெய் ஒழுகறதுல எங்க வாசல்ல பத்து வருசத்துக்குப் புல்லு மொளைக்காது. எதுக்கும் அசைய மாட்டீங்கறீங்க.

என்னங்க? இந்தச் சம்மந்தம் எனக்குப் புடிக்கலையான்னா?

அய்யோ, அப்பிடிச் சொல்லாதீங்க. நான் அதுக்காகச் சொல்லலை. உங்க பையனை எனக்கு நெம்பப் புடிச்சுதுங்க. புள்ள பாக்க வந்தப்ப எல்லாரும் காப்பி குடிச்சுப்போட்டுத் தம்ளரை அங்கங்க வெச்சாங்க. மதன்குமாரு மட்டும் எந்திரிச்சுத் தன்னோட தம்ளரையும் உங்க தம்ளரையும் எடுத்துட்டுப் போயி உள்ள வெச்சுட்டு வந்தான். எங்க பாலுசாமி பொறந்ததுல இருந்து அப்பிடி ஒரு தம்ளரை எடுத்ததில்லீங்க. லோகுவும் அதைப் பாத்துச்சு. அன்னைக்குப் பூராம் புள்ளைக்கு மொகத்துல ஒரு வெளிச்சம். அதனால சம்மந்தம் நடக்கோணும்னு எனக்கு ஆசைதான். நடக்கோணும்னுதான் இத்தனை பாடு.

அப்ப எதுக்குச் சொந்த வண்டியையே இப்பிடிக் கழுத்தறுக்கறீங்கன்னு கேக்கறீங்க. நாயமான கேள்விதான்.

அது வந்துங்க, அன்னைக்கு வாசல்ல நின்னு, வண்டி அம்சமா இருக்குதுங்களேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்க. பாலுசாமி, அதுக்கென்னங்கண்ணா, எடுத்துட்டுப் போங்கன்னான். நம்ம பக்கத்துல இது வழக்கம்தானுங்களே. மாடு நல்லா இருக்குதுன்னு சொன்னா, புடிச்சுட்டுப் போங்கம்போம். தென்னை நல்லாக் காய்ச்சிருக்குதுன்னா, தோப்பையே வெச்சுக்குங்கம்போம். எதுத்தாப்பல இருக்கறவரு அய்யய்யோ வேண்டாமுங்கன்னு சொல்லோணும், நாம இல்லீங்க வெச்சுக்குங்கன்னு வற்புறுத்தோணும், அவரு மறுபடியும் வேண்டாம்னு சொல்லோணும். அப்பறம் ரெண்டு பேரும் காப்பியக் குடிச்சுப்போட்டு அவங்கவங்க சோலியப் பாக்கோணும். மரியாதைக்குச் சொன்னதை நீங்க வாக்குன்னு எடுத்துக்கிட்டீங்களோன்னுதான்...

சொன்னீங்களா? வேண்டாம்னு சொன்னீங்களா?

மூணு தடவையுமா.

அதுக்கப்பறமும் காங்கேயத்துக்குப் போன் போட்டானா பாலுசாமி. வண்டிய மாப்பிள்ளை பேருக்கே மாத்திக் குடுத்தர்றோம், மறுக்கக் கூடாதுன்னு. அதுக்கப்பறம் ஆளையும் அனுப்புனானா.

எனக்குத் தெரியுங்க. போன் பண்ணறப்ப நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்.

கேக்காத பொருளை இப்பிடிக் கட்டாயப்படுத்திக் குடுக்கறாரே உங்க பையன், என்னத்துக்குன்னு பாத்துட்டு வரலாம்னுதான் வந்தேங்கறீங்க. ஆக, வண்டியப் பாக்க வரலை. செரி, செரி. நீங்களும் லேசுப்பட்ட ஆளு இல்லை. எங்க பாலுசாமியப் பத்தி விசாரிச்சிருப்பீங்க. தேஞ்ச சோப்பைப் புதுச் சோப்புமேல ஒட்டிக் குளிக்கறவன். மழை பேஞ்சா லைட்டை அணைச்சுப்போட்டு மின்னல் வெளிச்சத்துல சோறு திங்கறவன். ரெண்டாவது நான் சேத்துனது. இருந்தாலும் அந்த மாதிரி ஆளு. அவன் இத்தாத்தண்டி வண்டியச் சும்மா தூக்கிக் குடுக்கறான்னா...

வருது.

சம்மந்தி, வருது. ஒண்ணும் பண்ணாதீங்க. நம்மளப் பாத்து வரலை. காதை விரிக்கலை பாருங்க, சும்மா நடந்து வருது. தும்பிக்கைய நீட்டி மோந்துட்டே வருது. என்னத்த மோக்குது? அட. பழம். நீங்க புள்ளைக்குன்னு ஆசையா வாங்கிட்டு வந்த கதலித் தாரு. ஊட்டுலயே எறக்கி வெக்கலாம்னு சொன்னேனில்லீங்க, நாளைக்குச் சபையில வெக்கோணும், வண்டியிலயே இருக்கட்டும்னீங்க. பொறகால சீட்டுல கெடக்குது. பொறகால கண்ணாடியும் தொறந்து கெடக்குது.

பழத்துக்குத்தான் வருது. நமக்கில்லை. தலையத் திருப்பாதீங்க. கண்ண மூடிக்கோணும்னா மூடிக்கோங்க. எங்கைய வேணும்னா புடிச்சுக்கோங்க.

உங்க பக்கம் தாண்டிருச்சு. தோலு ஒரசுதுங்களா வண்டியில? ஆடுது. ஆடட்டும். பொறகால வந்துருச்சு. தும்பிக்கை உள்ள வந்துருச்சுங்க. எங்கழுத்துல காத்தடிக்குது, கரும்பாலைக்குப் பக்கத்துல நிக்கறாப்பல சூடா. திரும்பாதீங்க. தின்னுட்டுப் போகட்டும்.

இப்ப உங்களால எந்திரிச்சுப் போகவும் முடியாது, எம்மேல கத்தவும் முடியாது. அதனால இப்பவே சொல்லிப்போடறேன்.

எம்பேத்திக்கு நெஞ்சுல ஒரு தழும்பு இருக்குதுங்க. இங்கிருந்து இங்க வரைக்கும். ஏழு வயசுல மெட்ராஸ்ல கொண்டுபோயி நெஞ்சத் தொறந்து ஆப்பரேசன் பண்ணுனோம். பொறக்கறப்பவே இருதயத்துல ஓட்டை. அடைச்சுப்போட்டாங்க. இதுக்கு முந்திப் பொண்ணு கேட்டு வந்த ரெண்டு எடத்தைத் தவிர, எங்க ஊட்டுக்கு வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. அந்த வருசம் புள்ள எங்கன்னு கேட்டவங்களுக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன், மெட்ராஸ்ல டான்ஸு கத்துக்கப் போயிருக்குதுன்னு. நம்புனாங்க.

பைய மூச்சு உடுங்க. அது தாரை இழுத்துட்டிருக்குது. நீங்க என்னை மொறைக்கறது தெரியுது. இதுவும் அங்கப்பன் கதையான்னு பாக்கறீங்க. இல்லீங்க. இது மட்டும் கதை இல்லை.

பாலுசாமி ஊட்டுல எல்லாத்தையும் சாமி ரூம்புல நிக்க வெச்சுச் சொல்லிப்போட்டான், ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு. சொன்னா அந்த ரெண்டு எடத்துல ஆன மாதிரி இந்த எடமும் போயிரும்ங்கறான். கல்யாணத்துக்கு அப்பறம் தழும்பு தெரியத்தான செய்யும்டான்னு கேட்டேன். அதுக்கு என்ன சொன்னான் தெரியுங்களா? வாசல்ல இந்த வண்டி நிக்கும்ப்பா, அதை வாங்கிட்டவங்க அப்பறம் பேச மாட்டாங்கன்னான். உங்க வாயை அடைக்கத்தான் சம்மந்தி இந்த வண்டி. எம்பையன்தான், இல்லைங்கலை. புள்ளை மேல இருக்கற பயத்துல பண்ணறான், அதுவும் எனக்குத் தெரியுது. அதுக்காக நீங்க இதை வாங்கிட்டீங்கன்னா, நாளைக்கு எம்புள்ளையப் பாத்து ஒரு வார்த்தை சொல்லவும் முடியாம, சொல்லாம இருக்கவும் முடியாம, உள்ளுக்குள்ளயே வெச்சுட்டு இருப்பீங்க. அது உங்கூட்டுச் சோத்துல வந்து சேரும். அந்தச் சோத்தை லோகு திங்கோணும்.

அதுதான் எப்பிடியாச்சும் இந்த வண்டிய நீங்களே வேண்டாம்னு சொல்ல வெச்சுப்போட்டா, அதை வெச்சு மெல்லப் பேச்ச ஆரம்பிக்கலாம்னு பாத்தேன். நீங்க அறுவதாயிரத்துக்கும் அசையலை.

காத்தால லோகு எங்கிட்ட வந்து நின்னுச்சுங்க. நான் ஷேவிங் பண்ணிட்டிருந்தேன். ஊரெல்லாம் பொய்யாச் சொல்லிட்டுத் திரியறீங்களே அப்பாரு, எனக்காக ஒரே ஒரு நெசத்தச் சொல்லுங்கன்னுது. நான் கத்தியக் கீழ வெச்சுட்டேன். நீங்க சொல்லலைன்னா நாளைக்குச் சபையில நானே எந்திரிச்சுச் சொல்லிப்போடுவேன், மறைச்சு வாழப் போகமாட்டேன்னுது. சொல்லிப்போடுமுங்க. அது அப்பிடிப்பட்ட புள்ள. நூறு பேரு முன்னால அது தன் நெஞ்சப் பத்திச் சொல்லி, அவங்க அம்மா தலையக் குனிஞ்சு நிக்கறதை என்னால பாக்க முடியாதுங்க. அதுதான் நான் சொல்லிட்டேன். எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம வெள்ளியங்காட்டுல நிறுத்தாம மேல வந்துட்டேன். ஆனைய நான் கூப்பிடலை.

போகுது. தாரை அப்பிடியே இழுத்துட்டுப் போகுது. கதவு நசுங்கியிருக்கும், இருக்கட்டும். குட்டி கூப்புடுது, கேக்குதுங்களா? அந்தப் பீப்பி சத்தம். எறங்குது பாருங்க பள்ளத்துல. எறங்கிருச்சு.

தண்ணி வேணுமுங்களா? உங்க சட்டை நனைஞ்சு போச்சு. என்னுதும்தான்.

கொழந்தை பொறக்குமான்னு கேக்கறீங்க. மொதக் கேள்வியே அதா இருக்கும்னு தெரியும். பொறக்குங்க. போன மாசம்கூட டாக்டருகிட்டக் காட்டிக் கேட்டுட்டு வந்தோம். வருசம் ஒருக்காப் போறோம். எல்லாப் பொண்ணுங்களாட்டத்தான், ஒரு கொறையும் இல்லைன்னாரு. எம்பேச்சை நம்ப வேண்டாம். நீங்க வாங்க, மதன்குமாரு வரட்டும், டாக்டரு முன்னாலயே உக்காந்து கேளுங்க. காலேஜுல ஓட்டப் பந்தயத்துல ரெண்டாவதா வந்த புள்ளைங்க. மொதல்னு சொல்லலாம்னு வாயி துறுதுறுங்குது, ரெண்டாவதுதான்.

இவ்வளவு நேரம் வண்டிக் கோளாறச் சொல்லிட்டுப் புள்ளையப் பத்திச் சொன்னதால ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பேசறேன்னு நெனச்சுப்போடாதீங்க. வண்டி இரும்பு. லோகு, ஏழு வயசுல ஆப்பரேசன் ரூம்புக்குள்ள போறப்ப எங்கையப் புடிச்சுட்டு, அப்பாரு அழுகாதீங்கன்னு எனக்குச் சொல்லிட்டுப் போன உசுரு.

ரோட்டையே பாத்துட்டிருக்கறீங்க.

ஏனுங்க, மேல இருந்து பஸ்ஸு வருது. லைட்டு தெரியுது பாருங்க வளைவுல. காரமடை, மேட்டுப்பாளையம் போற பஸ்ஸுதான். கையக் காட்டுனா நிக்கும். நீங்க அதுல ஏறிப் போயிட்டாலும் நான் ஒரு துளி தப்பா நெனைக்க மாட்டேன். ஊட்டுல நான் பேசிக்கறேன். ஆனை குறுக்க வந்துருச்சு, சகுனம் செரியில்லைன்னு சம்மந்தி போயிட்டாருன்னு சொல்லிக்கறேன். புள்ளை பேருல ஒரு சொல்லு உழுகாம நான் பாத்துக்குவேன். அந்த மாதிரி வேலைக்கு எங்கிட்ட வாயி இருக்குது.

எறங்கறீங்க. செரிங்க. பாத்து எறங்குங்க, கீழ சாணி கெடக்குது.

சம்மந்தி... ஒண்ணுமில்லீங்க. போயிட்டு வாங்க.

நின்னுருச்சு பஸ்ஸு. கண்டக்டரு கூப்புடறாருங்க உங்களைத்தான். ஏனுங்க, ஏறலைங்களா? கைய ஆட்டிப்போட்டீங்களே. போகச் சொல்லிட்டீங்களா? அதுதாங்க கடைசி பஸ்ஸு.

என்னங்க? சத்தமாவே சொல்லுங்க, ஆனைதான் போயிருச்சே. தண்ணிக் கேனா? பொறகால சீட்டுக்கு அடியில இருக்குதுங்க. பழம் நசுங்கிக் கெடக்கும், கைய வழுக்கும். எதுக்கு நீங்க, நான் வாரேன் இருங்க. செரி செரி, நீங்களே எடுங்க.

உங்க தம்பிகிட்டயும் பையன்கிட்டயும் இன்னைக்கே போன்ல சொல்லிப்போட்டுத்தான் நாளைக்கு வெத்தலையத் தொடுவீங்களா. அதுதானுங்க மொறை. அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா? ... தம்பி கொஞ்சம் மொனகுவான், மதன்குமாரு ஒண்ணும் சொல்ல மாட்டான்ங்கறீங்களா. ம். தம்பிய நீங்க பாத்துக்கறீங்களா. செரிங்க. எனக்குக் கண்ணுல ஏதோ பூச்சி உழுந்துருச்சு, இருங்க.

என்னங்க? மறுபடியும் சொல்லுங்க.

வண்டி வேண்டாமா? புள்ளைய அனுப்பறதா இருந்தா வண்டி உங்க வாசலுக்கு வரவே கூடாதா. நெசமாத்தான் சொல்றீங்களா? பாலுசாமிகிட்ட நீங்களே சொல்லோணும், நான் சொன்னா நம்ப மாட்டான்.

அப்பச் செரி. அந்த ரேடியேட்டரு மூடிய ஒடனே திருகிப்போடாதீங்க, ஆவி மூஞ்சியில அடிக்கும். துணியப் போட்டு மெல்லத் தொறங்க. தண்ணியும் பாத்துப் பைய ஊத்துங்க சம்மந்தி, எங்க ஊட்டுக்கே திரும்பி வரப்போகுதே இந்தக் கெரகம்.